ஹெலிகொப்டரில் விழுந்தவன்

“உம்மட தம்பி ஹெலிகொப்டராலை விழேல்லை. ஹெலிகொப்டர் அடிக்கேக்கைதான் விழுந்தவன்.”

எழுபதுகளில் ஒரு குளிர்காலம். டண்டினொங் ரயிலில் எனக்கு எதிரே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் மனைவியிடம் சொன்னார். அந்தப் பெண்ணின் மடியில் பாதி எழுதிய கடிதம் இருந்தது.

“ஆரோ ஹெலிகொப்டரெண்டு ஊருக்கு எழுதிப்போட்டினம். அம்மா அவனைப் படிப்பை விட்டிட்டு உடனே வரட்டாம். கால் எப்பிடி முறிஞ்சதெண்டு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ.”

“பனிச்சறுக்கிலை மேலை எழும்பி, நேரா நிண்டபடி பம்பரம்மாதிரிச் சுத்தினா அதுக்குப் பேர் ஹெலிகொப்டர்.”

“அப்ப இவன் நேரா நிண்டவனே?”

“இல்லை, சரிஞ்சிட்டான்.”

“தலை கீழை போச்சுதோ?”

“அப்பிடிப் போனா அது குத்துக்கரணம். இது அதுவுமில்லை. எண்டாலும் ஒருக்கால் காலுக்குக் கீழை தலை தெரிஞ்சமாதிரி இருந்தது.”

“நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?”

“பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரர் ரெண்டுபேரும் அதைத்தான் தர்க்கிச்சவை. ஒருத்தன் சுத்தெண்டான், மற்றவன் கரணமெண்டான். பம்பரம் ஓயேக்கை சரிஞ்சு சுத்துமெல்லே, அப்பிடியெண்டு வையுமன்.”

நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்து போனது. அந்தப் பெண் ஒரு வரி எழுதி, வாசித்துக் காட்டினார்.

“‘தம்பி தலை சுத்தி விழுந்திட்டான்.’”

கணவர் அந்த வரியை எட்டிப் பார்த்தார்.

“பொய்யில்லைத்தான். ஆனா மாமி ஏதோ நோய்வருத்தமெண்டெல்லே நினைப்பா?”

“நினைக்கட்டும். தலைச்சுத்துக்கு அம்மா திருநீறுதான் அனுப்புவா.”