நாலேகால் மணி, பின்ரோடு

இல்லம்மா, இன்னும் ரெண்டு விரக்கடை எடுத்தாதான் சரியா வரும். நாளைக்குத் திரையில முகம் மட்டும்தானே தெரியும், நுனியெல்லாம் இப்படிப் பிஞ்சு தொங்கினா உடம்பு சரியில்லாதவ மாதிரி இருப்ப. ஜெயில்ல இருபது நிமிஷம்தான் பேச விடறாங்க. அந்த இருபது நிமிஷத்துல எஃப்ரைன் உன்னப் பார்த்து, பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம கிடக்கான்னு நினைச்சுக்கக் கூடாது. தலைய குனி. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இரு.

கடைய மூடிட்டுத்தான் வந்தேன். பரவால்ல விடு, புதன்கிழமை யாரு வரா இப்பல்லாம்? முன்ன புதன்கிழமைன்னா பால்பண்ணை ஆளுங்க முடிவெட்டிக்கற நாள். உங்காளு, உன் கொழுந்தன் ஹசிந்தோ, அந்த ரெட்டைப் பசங்க, எல்லாரும் பூட்ஸைக் கழட்டி வாசல்ல வெச்சிட்டு உள்ள வருவாங்க. கழட்ட வேண்டாம்னு நூறு தடவ சொல்லியிருப்பேன், கேக்க மாட்டாங்க. இப்ப நாலு வாரமா ஒரு பூட்ஸைக் காணோம். உன்னைக் கடைக்கு வான்னு கூப்பிட எனக்கே மனசு வரல. மூணு வாரமா நீ கதவே திறக்கலேன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. நான் தட்டினப்ப திறந்தியே, அதுவே பெரிசு.

அந்த டிவிய அணைச்சிடட்டுமா? அவன் மூஞ்சிதான் மறுபடியும் வருது.

ஆமா, நம்ம ஊருதான். வெர்லா ஹாஸ்பெல் பையன் டோரன். நீங்க இந்தப் பக்கம் வந்து பதினாறு வருஷம் இருக்குமா? அதுக்கு முன்னாடியே அவன் காலேஜுக்குக் கிளம்பிட்டான், நீ பார்த்திருக்க வழியில்ல. இப்ப ஜனாதிபதி காதுல வாய வெச்சிட்டு உக்காந்திருக்கான். பேப்பர் இல்லாதவங்களைப் புடிச்சு நாட்டை விட்டு அனுப்பற உத்தரவெல்லாம் அவரு எழுதிக் குடுக்கறாரு, இவன் கையெழுத்துப் போடறான்னு சொல்றாங்க. சேச்சே, மாத்திச் சொல்லிட்டேன், இவன் எழுதறான், அவரு போடறாரு. ஊருக்குள்ள பெருமையாத்தான் இருந்துச்சு. எங்க ஊர்லேருந்து டிவியில வந்தது அவன் ஒருத்தன்தான். அதுக்கு முன்னாடி ஒரு பசு வந்துச்சு, நிறைய பால் குடுத்துச்சுன்னு.

நாலு வயசுலேருந்து பதினெட்டு வரைக்கும் அவன் தலைய நான்தான் வெட்டினேன். ஆடாம அசையாம உக்காருவான். சனிக்கிழமை கடையில கூட்டம் நெரியும். யாரு முன்னாடி வந்தா, யாரு பின்னாடி வந்தான்னு ஒரு காகிதத்துல பேரு எழுதி வெச்சிப்பான் அந்தப் பொடியன். யாராவது அவசரம்னு முன்ன வந்து உக்காந்தா, உங்க முறை இன்னும் வரலன்னு எழுப்பி விட்டுடுவான். ஒரு தடவ நிறைமாசக்காரி ஒருத்தி, நிக்க முடியல பாவம், வந்து உக்காந்துட்டா. அவளையும் எழுப்பினான். எனக்கு அப்ப சிரிப்புதான் வந்துச்சு. சமத்துன்னு சொல்லி மிட்டாய் குடுத்தேன். வாத்தியார் ஆவான், கணக்குப் பிள்ளை ஆவான்னு நினைச்சேன். என்னத்தச் சொல்ல.

வலிக்குதா? சிக்கு. மெதுவா எடுக்கறேன்.

அவனால இந்த ஊரு ரெண்டு பட்டுப் போச்சு மாரிசெலா. உங்களுக்குப் பாதி தெரியாது, எங்க சண்டையெல்லாம் எங்களுக்குள்ளதானே. தலைநகரத்துல ஒரு ஹோட்டல்ல சாப்பிடப் போயிருக்கான், சமையக்காரன் வெளிய வந்து ஒரு வார்த்தை பேசாம தட்ட எடுத்துட்டுப் போயிட்டான். அதை எவனோ படம் புடிச்சுப் போட்டுட்டான். இங்க வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லாரும் கூடுவோமே, அன்னிக்கு மீனை யாரும் சாப்பிடல. தட்ட எடுத்தது சரின்னு பாதிப் பேரு, சாப்பிடற மனுஷன்கிட்ட எடுக்கலாமான்னு பாதிப் பேரு. ஸ்கூல்ல பட்டம் குடுக்கற விழாவுக்கு அவனைக் கூப்பிட்டாங்க. டீச்சருங்க வர மாட்டோம்னுட்டாங்க. கூப்பிடலேன்னா நாங்க வர மாட்டோம்னு அப்பன்காரங்க. கடைசில யாரையும் கூப்பிடாம ஹெட்மாஸ்டரே முக்கா மணி நேரம் பேசினாரு, அதுக்கு அவனே தேவலன்னு ரெண்டு கட்சியும் ஒத்துப் போச்சு. சர்ச்ல பாஸ்டர் ஜெபத்துல அந்நியரையும் காப்பாத்தும்னு ஒரே ஒரு வரி சேர்த்தாரு. பதினோரு குடும்பம் எழுந்து ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற சர்ச்சுக்குப் போயிடுச்சு.

அப்புறம் அவன் யாருக்கோ எழுதின மெயிலெல்லாம் பேப்பர்ல வந்துச்சே, அதுதான் உச்சம். பால் கறக்க ஆள் இல்லேன்னா மாட்டைக் குறைச்சுக்கட்டும், என் ஊர்க்காரங்களுக்கும் அதேதான்னு எழுதியிருந்தான். அன்னிக்குத்தான் பண்ணைக்காரங்களுக்குச் சுருக்குன்னுச்சு. அது வரைக்கும் அவன் சொல்றதெல்லாம் வேற எங்கயோ இருக்கற வேற யாரையோன்னு நினைச்சிட்டிருந்தாங்க.

நானா? நானும்தான். மறைச்சு என்ன ஆகப் போகுது. அவன யாராவது திட்டினா எனக்குப் பொறுக்காது. வாய்தான் கடுசு, உள்ளுக்குள்ள நல்ல பையன்னு சொல்லுவேன். வருஷம் தவறாம கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கார்டு போடுவான், அம்மாவுக்கு அடுத்து எனக்குத்தான். வெர்லா வீட்டு லெட்டர் பெட்டியில எவனோ சாணியப் போட்டப்ப நான்தான் போய்க் கழுவினேன். அவ இப்பக் கடைக்குப் பின்வாசல் வழியாத்தான் வரா. என் பையன் சட்டத்தைத்தானே சொல்றான் ஆர்டிஸ், அதுல என்ன தப்புன்னு கேப்பா. நான் தலைய ஆட்டிட்டு சுருள் போட்டுட்டே இருப்பேன்.

ஒரு நாள் அவனே டிவியில சொன்னான். ஒழுங்கா உழைக்கறவங்க, தப்புத் தண்டாவுக்குப் போகாதவங்க பயப்பட வேண்டாம், அவங்களைத் தனியா வெச்சுப் பார்ப்போம்னான். நான் அதைப் புடிச்சுக்கிட்டேன். ஒழுங்குன்னா எஃப்ரைன் மாதிரி ஒழுங்கு யாரு இருக்கா இந்த ஊர்ல?

அழாதம்மா. அழுதா தலை ஆடுது. சரி, அழு, நான் நிறுத்திக்கறேன்.

டுவேனா? அதைத்தான் சொல்ல வந்தேன். காட்டிக் குடுத்தது டுவேன் இல்ல. எனக்குத் தெரியும், ஊரே அவனைத்தான் சொல்லுது. அவன் வீடு பின்ரோட்டுல இருக்கு, வாசல்ல டோரன் பேரு போட்ட போர்டை நட்டு வெச்சிருக்கான், வாயும் நீளம். உங்க ஆளு வண்டிய அந்த ரோட்டுலதான் குடியேற்றப் போலீஸ் மடக்கினாங்க, அதனால அவன்தான் காட்டிக் குடுத்தான்னு ஆயிடுச்சு. ஹசிந்தோ பெட்ரோல் பங்க்ல அவன் மூஞ்சியில துப்பினானாம். ஞாயித்துக்கிழமை யாரோ வாசல் பூரா சிவப்புப் பெயிண்டை ஊத்திட்டாங்க. அவன் சம்சாரம் மூக்குல குழாயோட படுத்திருக்கா, அவளுக்கு என்ன தெரியும் பாவம். போன வாரம் என் நாற்காலில வந்து உக்காந்தான். எழுபது வயசு ஆம்பளை, துணியப் போத்தி விட்ட உடனே தேம்பறான். ஆர்டிஸ், நான் கத்துவேன், ஆனா போலீஸுக்குப் போன் பண்ண மாட்டேன், எஃப்ரைன் என் கன்னுக்குட்டிய சேத்துலேருந்து இழுத்துப் போட்டவன்னான். முடிய வெட்டி அனுப்பிட்டேன்.

அதைத்தானே நீயும் கேக்கற, வேற யாருக்குத் தெரியும்னு. எஃப்ரைன் பெரிய ரோட்டுக்கே போக மாட்டான், மூடின சீஸ் ஃபேக்டரிகிட்டத் திரும்பி, பின்ரோடு வழியா, காலையில நாலேகாலுக்குப் போவான்னு யாருக்குத் தெரியும்? வீட்டுல உனக்குத் தெரியும். பண்ணையில தெரியும், ஆனா பண்ணைக்காரன் சொல்லிட்டு மாட்டை யாரு கறக்கறது? அப்புறம் நான். நாற்காலில உக்காந்து அவனே சொன்னதுதான். பேப்பர் இல்லாத எங்களுக்கு இந்த ஊர்ல லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க, அதனால தேவைக்கு மேல ஓட்டறதில்ல, ஓட்டினாலும் முப்பது மைல் வேகத்துக்கு மேல போறதில்லன்னு. குழந்தைங்க ஸ்கூல் மீட்டிங்குக்குக் கூட நடந்தேதான் போவேன்னான். பனியிலயான்னு கேட்டேன். பனியிலதான்னு சிரிச்சான்.

என்ன? லெட்டரா?

வக்கீலம்மா கேட்டாங்களா. ஊர்க்காரங்க பத்துப் பேரு, அவன் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு ஜட்ஜுக்கு எழுதித் தரணுமா. பாஸ்டர் குடுத்துட்டாரா? சரி. பண்ணையில? பயப்படுவாங்கதான். என்னையா? எஃப்ரைனா சொன்னான், ஆர்டிஸ்கிட்டக் கேளு, அவங்க நல்லா எழுதுவாங்கன்னு?

இரு. கத்திரிய மேசை மேல வெச்சுக்கறேன்.

நீ திரும்ப வேண்டாம், அப்படியே உக்காரு. திரும்பினா என்னால முடியாது. நான் ஏற்கெனவே எழுதிட்டேன் மாரிசெலா. ஜட்ஜுக்கு இல்ல. டோரனுக்கு. தனியா வெச்சுப் பார்ப்போம்னு சொன்னானே, அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து உக்காந்து எழுதினேன், நாலு பக்கம், கையால. உன் தலைய வெட்டினவ கேக்கறேன், இந்த ஒருத்தனுக்குப் பேப்பரைச் சரி பண்ணிக் குடுன்னு. சும்மா நல்லவன் நல்லவன்னு எழுதினா நம்ப மாட்டான்ல, சின்ன வயசுலேருந்தே அவனுக்கு எல்லாம் விவரமா வேணும். அதனால விவரமா எழுதினேன். முழுப் பேரு, வீட்டு விலாசம். எந்தப் பண்ணை. அங்க சேர்ந்த ஒன்பது வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல, தினம் நாலேகாலுக்குக் கிளம்பிடுவான்னு. லைசென்ஸ் இல்லாததால சட்டத்துக்குப் பயந்து பெரிய ரோட்டுப் பக்கமே போறதில்ல, பின்ரோட்டுலதான் போறான்னு. ரோட்டுப் பேரையும் எழுதினேன். பச்சைக் கலர் பிக்கப்னு எழுதினேன், புது வண்டி கூட வாங்கிக்கல, எல்லாம் பிள்ளைங்களுக்குத்தான்னு காட்டறதுக்கு.

பதில் வந்துச்சு. கெட்டியான காகிதம், மேல முத்திரை. எழுதினதுக்கு நன்றி ஆர்டிஸ், சம்பந்தப்பட்டவங்களுக்கு அனுப்பி வெச்சிருக்கேன்னு. கீழ அவன் கையெழுத்து, பேனாவுல போட்டது. எனக்குத் தலைகால் புரியல. ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சேன். உன்கிட்ட ஓடி வந்து சொல்லணும்னு இருந்துச்சு, ஆனா நல்ல செய்தி வந்தப்புறம் சொல்லுவோம், அப்பதான் சந்தோஷமா இருக்கும்னு அடக்கிக்கிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை எஃப்ரைனைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க.

டோரன் தெரிஞ்சு செஞ்சானா, படிக்காமலே தள்ளி விட்டானா, எனக்குத் தெரியல. ஆறு தடவ போன் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்து, மீட்டிங்ல இருக்காருன்னு ரொம்ப மரியாதையாச் சொல்லுது. வெர்லாகிட்டக் கேட்டேன். நீ எழுதினதைத்தானே அவன் அனுப்பினான்னா.

லெட்டர் நகலும் அவன் பதிலும் என் பையில இருக்கு. ரெண்டையும் வக்கீலம்மாகிட்டக் குடு, அவங்களுக்கு எதுக்காவது ஆகும். டுவேன் வீட்டுக்கு இங்கேருந்து நேரா நானே போறேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடறப்ப எழுந்து நின்னு சொல்லிடறேன், யாரு என்ன சொன்னாலும் சரி. நாளைக்கு எஃப்ரைன்கிட்டச் சொல்றதா வேண்டாமான்னு நீதான் பார்த்துக்கணும், அது என் வாயால சொல்லக் கூடாதது. வெளிய போன்னு சொன்னா இப்பவே போயிடறேன்.

ஜட்ஜுக்கு எழுதுன்னு நீ மறுபடியும் சொன்னாலும் எழுதறேம்மா, மாட்டேன்னு சொல்லல. நீ கேக்கறதுக்கு முன்னாடியே, நானா ஜட்ஜுக்கு எழுதிப் பார்க்கலாம்னு நேத்து நினைச்சேன். காகிதத்தை எடுத்து வெச்சிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். ஒரு வரி வரல. அவனைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச நல்லது அத்தனையும் அந்த நாலு பக்கத்துலயே எழுதிட்டேன்.