சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

எனக்குக் கணினி மேல் கோபம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை நேற்று வாங்கிப் படித்தேன். நல்ல நடை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன்.

பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் நான். மாவு பிசைய எங்களிடம் நான்கு மிக்ஸர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவும் அளவுக்குப் பெரிது. இறங்குகிறவர் மின்விசையை அணைத்து, அதில் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற தாயே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. என் வகுப்பின் சாரமே இதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பூட்டு சார் என்று பெயர் விழுந்தது. அந்த இருபத்திரண்டு வருடத்தில் மிக்ஸரால் யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

போன வருடம் வகுப்பை நிறுத்திவிட்டுப் பாடத்தைக் கணினியில் செய்யச் சொன்னார் மேலாளர். தொழிலாளர்கள் நேரம் கிடைக்கும்போது பார்த்து, கடைசியில் கேள்விகளுக்கு விடை அழுத்தி, சான்றிதழ் எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதிரிப் பாடங்களைக் கட்டுவதற்கென்றே ஒரு மென்பொருளும் வாங்கினார்கள். நான் தயங்கினேன். ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்த என் நண்பன்தான் தோளில் கை போட்டான். பதினான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

"நீ எதுக்குடா பயப்படுற? பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்ல," என்றான்.

நம்பினேன்.

மென்பொருளைத் திறந்த முதல் நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஒரு வரி எழுதுவேன், திரும்பிப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மேலே கண்ணாடித் தாள் போல இன்னோர் அடுக்கு உண்டு, நான் அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. அடியில் ஒரு நேரக்கோடு ஓடும். எந்தப் படம் எந்த நொடியில் வர வேண்டும் என்று அதில்தான் இழுத்து வைக்க வேண்டும். என் குரல் பூட்டைப் பற்றிச் சொல்லி முடித்துப் பதினைந்து நொடி கழித்துப் பூட்டின் படம் வந்தது, கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த மாப்பிள்ளை மாதிரி. தவறான விடையை அழுத்தினால் கைதட்டல் கேட்டது. பாடத்தை வெளியிட்டால் ஒரு கோப்புறை நிறையக் கோப்புகள் வரும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். நான் ஒன்றை மட்டும் மேலாளருக்கு அனுப்பினேன். அவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு, "பாடம் ரொம்பச் சுருக்கமா இருக்கே," என்றார்.

நண்பன் முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தான். ஒரு நாள் 'அடுத்து' பொத்தான் நகரவே மாட்டேன் என்றது. நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, திரையைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்று அதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தொழிற்சாலைக் குழுவில் போட்டவன் அவன்தான். மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர் கரண்டியைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்கு அன்றுதான் எனக்குப் பொருள் தெரிந்தது.

அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை. நானாகவே கற்றேன். நான்கு மாதத்தில் பாடம் முழுவதையும் கட்டி முடித்தேன். அவன் கடைசியில் ஒரு வாரம் வாங்கிச் சரிபார்த்து வெளியிட்டான். வெளியான அன்று திறந்து பார்க்கிறேன், முதல் ஸ்லைடில் அவன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டு மேலே போனேன்.

பதினோராவது கேள்வியில் ஒரு பிழை இருந்தது. மிக்ஸருக்குள் இறங்கியிருக்கும்போது சாவி யாரிடம் இருக்க வேண்டும்? முதல் விடை, இறங்கியவரிடம். இரண்டாவது, மேற்பார்வையாளரிடம். பாடம் இரண்டாவதைத்தான் சரி என்றது. எப்படி வந்தது என்பதும் உடனே புரிந்தது. காயம் பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது பத்தாவது கேள்வி, அதற்கு விடை மேற்பார்வையாளர். அந்த ஸ்லைடை நகலெடுத்து, எழுத்தை மட்டும் மாற்றிப் பதினோராவதைச் செய்திருந்தேன். நகலெடுத்தால், சரியான விடை எது என்று காட்டும் பச்சைக் குறியும் கூடவே வந்துவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. இதுவரை உங்கள் அறிக்கை சரி.

திருத்த இரண்டு நிமிடம் போதும். குறியை ஒரு வரி மேலே மாற்றி, சேமித்து, மறுபடி வெளியிட வேண்டும். அதற்கான அனுமதியும் என்னிடம் இருந்தது. அழுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டேன். முதல் ஸ்லைடில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். நியாயமான எண்ணம்தான். எல்லோரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். முதல் ஆள் பார்த்ததுமே சத்தம் போடுவார், அவன் முகம் நாலு பேர் முன்னால் தொங்கிப்போகும், அப்புறம் நானே திருத்திக் கொடுக்கலாம்.

யாரும் சத்தம் போடவில்லை. சரியான விடையை அழுத்தினார்கள், தவறு என்றது. இரண்டாவதை அழுத்தினார்கள், கைதட்டியது. சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொரு பேர் அப்படித்தான். என் இருபத்திரண்டு வருடத்தை ஒரு கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை.

மிச்சம் ஒருவர். மூன்றாவது மிக்ஸரைக் கழுவுகிறவர். எல்லோருக்கும் அவர் மூணாம் நம்பர் அக்கா. கையில் மாவு காயாமலே என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், சாவி நம்ம பையிலதான் இருக்கணும்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? அத அழுத்தினா தப்புன்னு வருதே."

"கம்ப்யூட்டர் எதைச் சரிங்குது?"

"சூப்பர்வைசர்கிட்ட குடுக்கணுமாம்."

"அப்ப அதான்மா சரி. நான் பழைய ஆளு."

"கம்ப்யூட்டர விடுங்க சார். எனக்கு நீங்க சொன்னாப் போதும். எது?"

எதிர் அறையில் நண்பன் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

"சூப்பர்வைசர்கிட்டயே குடுத்துருங்க," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "இது போதும் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குரலை உயர்த்தவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. போகிற மேற்பார்வையாளர் வருகிறவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார். மூன்றாவது மிக்ஸருக்குள் இறங்குமுன் அக்கா கொடுத்த சாவியும் கொத்தில் இருந்தது. சாவி வந்துவிட்டதென்றால் ஆளும் வெளியே வந்திருப்பார் என்று வாங்கியவர் நினைத்தார். பூட்டைத் திறந்து விசையைப் போட்டார். மற்றதை நீங்கள் படங்களோடு எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் அக்காவின் மகள் வந்து சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். டப்பா காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

நண்பன் உங்களிடம் சொன்னதைப் பதினான்காம் பக்கத்தில் படித்தேன். "அவன் கத்துக்குட்டி சார், பாவம், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பார்க்க வேண்டியவன் நான். தப்பு என்னோடது." வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டானாம். பெரிய மனசு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கடைசி வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறான்.

விசாரணை நாளில் அந்த முதல் ஸ்லைடைத் திரையில் ஓடவிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். யாரும் 'அடுத்து' அழுத்தவில்லை. பத்தாவது நொடியில், அவன் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் என் பெயர் வந்தது. என் குரல் தொடங்குகிற நொடியில் வருகிற மாதிரி நேரக்கோட்டில் வைத்திருக்கிறான். நான் ஒரு தடவைகூட அவ்வளவு நேரம் பொறுத்ததில்லை. அதற்கும் நான் பொறுப்பில்லை. பத்து நொடி யார் காத்திருப்பார்கள்?

ஆகவே திருத்தம் இதுதான். 'மென்பொருள் அறியாத தொடக்கநிலைப் பயனரின் கவனக்குறைவு' என்ற வரியை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரியும். பாடம் வெளியான அன்றே தெரியும், அக்கா வந்து கேட்டபோதும் தெரியும். தெரிந்துதான் விட்டுவைத்தேன், தெரிந்துதான் சொன்னேன். நம்பிக்கை இல்லையென்றால் அந்த மடிக்கணினியை என் பக்கம் திருப்புங்கள். இரண்டே நிமிடத்தில் திருத்திக் காட்டுகிறேன்.