சம்பந்தி என்ற வாசனை எண்ணெய் பற்றி நான் சொல்வது

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. அவை சரி. வயது நாற்பத்து மூன்று. தொழில், வீட்டில் சோப்பு செய்வது. மேற்படி விலாசத்தில் கீழ்த்தளத்தில் என் கணவர், மகளுடன் நானும், மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பமும் குடியிருக்கிறோம். அண்ணன் மனைவியான என் ஓரகத்தியை நான் அக்கா என்று அழைப்பேன். இந்தத் தாளில் அக்கா என்று வருவதெல்லாம் அவரையே குறிக்கும். ஒரு பெண்மணியின் கையைப் புண்ணாக்கியதாகப் புகார் வந்துள்ள சோப்பைத் தானே செய்து கொடுத்ததாக அக்கா நேற்று முன்தினம் இதே காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார் என்று இன்று காலை என் கணவர் மூலம் தெரிந்துகொண்டேன். அது உண்மை இல்லை என்பதால் நானாக வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை.

நானும் அக்காவும் ஆறு வருடமாக மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் சேர்ந்து சோப்பு செய்து விற்கிறோம். உரிமம் அக்கா பெயரில் இருக்கிறது, உறையிலும் அவர் பெயர்தான் அச்சாகியிருக்கும். காஸ்டிக் சோடாவை எடைபோட்டுத் தண்ணீரில் கரைப்பதும் எண்ணெய்களை அளப்பதும் அக்காவின் வேலை, வாசனை என் வேலை. அக்கா தராசை நம்புகிறவர், நான் மூக்கை நம்புகிறவள். ஒரு பொருள் என்ன ஆகும் என்று பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியாது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவைப்படும் என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, நாங்கள் வழக்கமாக வாங்கும் வாசனை எண்ணெய்க் கடைக்காரர் ஒரு புட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைப் பூ வாசனை. ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டது போல் குளிர்ச்சியாக இருந்தது. "தோலுக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. ஆனா சோப்புல போட்டா அடம் பிடிக்கும். மெழுகுவர்த்திக்காரங்கதான் வாங்குவாங்க" என்றார். எவ்வளவு அடம் பிடிக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர் சொன்னதும் வாங்கிவிட்டேன்.

அதிகாரி கேட்டதன் பேரில் விளக்குகிறேன். அடுப்பில் வேகவைக்காமல் செய்யும் சோப்பில், எண்ணெயும் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரும் ஒன்றாகக் கலங்கி, கரண்டியிலிருந்து ஒழுகுவது மேலே கோடாக நிற்கிற பதம் வரும்போது வாசனையைச் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். சில வாசனைகள், முக்கியமாகப் பூ வாசனைகள், சேர்த்த உடனே கலவையை இறுக்கிவிடும். அப்படி அவசரமாக இறுகினால் காரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேராமல் உள்ளே ஆங்காங்கே தங்கிவிடும். தோலைப் புண்ணாக்குவது அந்தக் காரம்தான், வாசனை அல்ல.

முதல் தடவை கால் கிலோ எண்ணெயில் போட்டுப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் இறுகி, கரண்டி நட்ட கம்பம் போல் நின்றது. அன்றே அந்தப் புட்டிக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தேன், எதைக் கொடுத்தாலும் முறுக்கிக்கொள்வதால். அதன் பிறகு சூட்டைக் குறைத்து, மெதுவாக இறுகும் ஆலிவ் எண்ணெயைக் கூட்டி, வாசனையை முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெயில் கலந்து ஊற்றினேன். இந்தத் தடவை இறுகவில்லை, ஆனால் அரிசி அரிசியாகத் திரிந்தது. அதன் பிறகு தண்ணீரையும் கொஞ்சம் கூட்டி, கைமிக்சியை ஒதுக்கிவிட்டு, கம்பி மத்தால் கையாலேயே கலக்கினேன். நான்கு கட்டிகள் வழவழப்பாக வந்தன. நான் கத்திய சத்தத்தில் அக்கா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார்.

அதன் பிறகு, அக்கா இன்னொரு தடவை சின்னதாகச் செய்து பார்க்கச் சொல்லியும் கேளாமல், ஒரே தடவையில் இருபத்து நான்கு கட்டிக்குக் கலந்தேன். அளவு பெரிதானால் சூடும் கூடும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. பாதி ஊற்றும்போதே பாத்திரத்தில் இறுகிவிட்டது. கையுறை போட்ட முஷ்டியால் அச்சில் குத்தி அடைத்தேன். மறுநாள் வெட்டிப் பார்த்தபோது சில கட்டிகளில் ஈரமான வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அக்கா பார்த்துவிட்டு, "இத வித்துடாத. ஒரு நாள் உருக்கிப் பாக்கலாம், சரியா வரலேன்னா தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, விற்கக் கூடாது என்று தன் கையால் எழுதிய சீட்டையும் வைத்தார்.

நான்கு வாரம் கூடை அப்படியே இருந்தது. வாசனை மட்டும் அறையைவிட்டுப் போகவில்லை. காரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஈர விரலை சோப்பில் தேய்த்து நுனி நாக்கில் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். காரம் இருந்தால் பேட்டரி முனையைத் தொட்டது போல் சுருக்கென்று இருக்கும். அதிகாரி இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். நான் இரண்டு கட்டிகளை அப்படிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். குத்தி அடைத்த சோப்புக்கு அது பொருந்தாது. பொருந்தாது என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

புகார் கொடுத்துள்ள பெண்மணி தெருமுனையில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். எங்களிடம் மாதாமாதம் சோப்பு வாங்குவார். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கை கழுவுவார். இந்த வாசனை எத்தனை கழுவலுக்கு நிற்கும் என்று பார்க்க அவரைவிடச் சரியான கை கிடைக்காது என்று நினைத்தேன். அவர் வாங்கியவற்றோடு, நாக்கில் வைத்துப் பார்க்காத மூன்றாவது கட்டி ஒன்றை எங்கள் உறையிலேயே போட்டு, புது வாசனை என்று மட்டும் சொல்லி, தெரிந்தே கொடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் மாலையில் அவருக்குப் போன் செய்து எத்தனை தடவை கழுவினார், வாசனை இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதினேன். மூன்றாம் நாள் அவர், "கை கொஞ்சம் எரியுதுங்க" என்றார். நான், "வாசனை இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தலைச்சாயம் பட்டு எரிகிறது போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனை வைத்தேன். நான்காம் நாள் வலது உள்ளங்கையும் விரல் இடுக்குகளும் கொப்பளித்துவிட்டன. இன்றுவரை அவரால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "எரியுதுன்னு சொன்னேன்ல, அப்பவே நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை அக்காவிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உரிமம் போனா மறுபடி வாங்கிக்கலாம். உன் மேல கேஸ் வந்தா நீ இனிமே ஒரு புட்டியையும் தொட மாட்ட" என்றார். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மீதி இருபத்து மூன்று கட்டிகள், கால் பங்கு எண்ணெய் உள்ள புட்டி, அக்கா கையெழுத்தில் உள்ள சீட்டு, என் நோட்டு ஆகியவற்றை ஒப்படைத்துள்ளேன். எந்தெந்தக் கட்டியில் காரம் நிற்கிறது என்று ஆய்வில் தெரிந்தால் எனக்கும் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று அதிகாரி சொன்னார்.

எழுதியதை அதிகாரி எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். சோப்பைக் கொடுத்தது பற்றிய வரியில் "கவனக்குறைவாகக் கொடுத்துவிட்டேன்" என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அது இருந்தால் எனக்கு நல்லது என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். ஆனால் நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. அந்தக் கையை நான்கு நாளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நோட்டில் மூன்றாம் நாளுக்கு நேராக "வாசனை நிற்கிறது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். எரிச்சலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அந்த இடத்தில் "தெரிந்தே" என்று திருத்தப்பட்டது, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன். மற்றவை நான் சொன்னது சொன்னபடி உள்ளன, முழுவதும் உண்மை.

(ஒப்பம்)