சுகிர்தா ஆட்டத்தை நிறுத்திய விதம்

கும்மிடிப்பூண்டி வட்டம், புதுகும்மிடிப்பூண்டி, அந்தோணியார் கோயில் தெரு, கதவு எண் 14-இல் குடியிருக்கும் தானியேல் மகள் சுகிர்தா, வயது 20, என்பவர் 19.08.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் நேரில் வந்து, ஆட்டத்தை நிறுத்தியதாகப் போட்டிக் குழுவினர் கொடுத்த புகாரின் பேரில் உதவி ஆய்வாளர் திருமதி திலகவதி விசாரிக்கக் கூறியது பின்வருமாறு:

நான் மேற்படி விலாசத்தில் என் தாய் தந்தை, தங்கை மோனிகா ஆகியோருடன் வசித்து வருகிறேன். என் அப்பா தானியேல், வயது 47, சிப்காட்டில் உள்ள ஒரு ரோலிங் மில்லில் இருபத்தோரு வருடமாக வேலை செய்கிறார். உலையிலிருந்து சிவப்பாக வரும் இரும்புக் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுவது அவர் வேலை. அம்மா ஹெலன் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் செய்கிறார். நான் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மோனிகாவுக்கு வயது 18. பொன்னேரியில் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்து ஆடி வந்தேன். மூன்று வருடம் மாவட்ட அணியில் முன்வரிசையில் ஆடியிருக்கிறேன். மோனிகாவும் என் கிளப்பில்தான் இருந்தாள். அவளைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். யாருக்காவது அடிபட்டால் இறங்குவாள். இந்த வருடம் மே மாதம் ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு என்னைத் தேர்வு செய்து கடிதம் அனுப்பினார்கள். அணியில் சேர்ந்தால் வேலையும் உண்டு. உடற்தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்பு இரண்டு முறை பயிற்சியில் எனக்கு மயக்கம் வந்திருந்ததால், 12.06.2025 அன்று சென்னையில் அரசு மருத்துவமனைக்குச் சென்று டாக்டர் கோதா என்பவரிடம் காட்டினேன். அவர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்.

அதன் பிறகு டாக்டர், என் இதயத்தின் நடுச்சுவர் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது இருபத்திரண்டு இருக்கிறது என்றும், வேகமாக ஓடினால் அது தாளம் தவறி நின்றுவிடலாம் என்றும், இனி போட்டிகளில் ஆடவே கூடாது என்றும் சொன்னார். நான் அழவில்லை. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதுவரை நான் என் இதயத்தைப் பற்றி நினைத்ததே இல்லை. கறுப்பும் சாம்பலுமாக ஒன்று சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நடுவில் மெல்லிய இரண்டு இதழ்கள் திறந்து திறந்து மூடின. டாக்டர் ஒரு பட்டனைத் திருகியதும் சத்தம் வந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல இருந்தது. நான் போட்ட எல்லா கோலுக்கும் இது என்னோடு ஓடி வந்திருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியே கூட்டம் இருந்தும் டாக்டர் சரி என்றார்.

அதன் பிறகு டாக்டர், இது குடும்பத்தில் வருவது என்றும், கூடப் பிறந்தவர்களில் இரண்டில் ஒருவருக்கு இருக்கலாம் என்றும், எல்லோரையும் அழைத்து வரும்படியும் கூறினார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. இரண்டில் ஒருவர் என்றால் அந்த ஒருவர் நான்தான், மோனிகா தப்பிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முழங்காலில் வலி, அதனால் கொஞ்ச நாள் ஆடப்போவதில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னேன். பயிற்சி நடக்கும் நேரத்தில் மைதானத்து விசில் சத்தம் எங்கள் தெருவுக்குக் கேட்கும். அதைக் கேட்காமல் இருக்க மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். என் பூட்ஸை மோனிகாவிடம் கொடுத்தேன். அவளுக்கு அது பெரியது. முன்பக்கம் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டாள். கிளப்பில் என் இடத்தையும் அவளுக்கே கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நடந்த போட்டியில் கிளப் அணி ஃபைனலுக்கு வந்திருந்தது.

ஆனாலும் ஆகஸ்ட் 5-ஆம் தேதிக்குள் சான்றிதழ் கொடுத்தால் அணியில் சேரலாம் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. ஜூலை கடைசியில் மோனிகாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, "எனக்கு பதிலா நீ படுத்துக்க. ஸ்கேன் நல்லா வந்தா சான்றிதழ் குடுத்துடுவாங்க" என்றேன். அவள், "அப்பறம் ஓடும்போது உனக்கு எதுனா ஆச்சுன்னா?" என்று கேட்டாள். "நான் பாத்து ஆடறேன்" என்றேன். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு ஒப்புக்கொண்டாள். இது முழுக்க என் யோசனை. என் தங்கைக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை.

30.07.2025 புதன்கிழமை இருவரும் பொன்னேரியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குச் சென்றோம். மோனிகா என் ஆதார் கார்டைக் காட்டி என் பெயரில் பதிவு செய்தாள். இருவருக்கும் ஒரே முகம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் துணைக்கு வந்தவளாக உள்ளே நின்றேன். ஸ்கேன் எடுத்த பெண் முதலில் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார். பிறகு பேச்சை நிறுத்தினார். பிறகு வெளியே போய் டாக்டரை அழைத்து வந்தார். எனக்குத் திரை தெரிந்தது. நான் ஏற்கெனவே பார்த்திருந்ததால் எனக்குப் புரிந்தது. அதே தடித்த சுவர், அதே இதழ்கள், அதே அவசரம். என் இதயத்தை எடுத்து அவளுக்குள் வைத்தது போல இருந்தது. டாக்டர் மோனிகாவைப் பார்த்து, "சுகிர்தா, உனக்கு சுவர் இருபத்து நாலு மில்லிமீட்டர் இருக்கு. நீ எந்த விளையாட்டும் ஆடக் கூடாது. வீட்ல பெரியவங்கள கூட்டிக்கினு வா" என்றார். நாங்கள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதன் பிறகு மின்சார ரயிலில் ஏறினோம். கவரைப்பேட்டை வரும் வரை மோனிகா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மிஷின்ல எதுனா கோளாறா இருக்கும். நான் ஒரு தபா கூட மயக்கம் போட்டதில்ல" என்றாள். நான், "ஞாயித்துக்கெழம ஃபைனல்ல நீ எறங்காத. நைனாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்" என்றேன். அவள், "நீ ஆட முடியல. அதால நானும் ஆடக் கூடாதுன்னு பாக்கறியா?" என்று கேட்டாள். இறங்கும்போது அவள், "சரி, ஆடல. நைனாகிட்ட மட்டும் சொல்லாத" என்றாள். ஆதார் விஷயம் தெரிந்தால் அப்பா என்ன செய்வாரோ என்ற பயத்தில் நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

03.08.2025 ஞாயிறு எனக்கு ஓவர்டைம் வேலை இருந்தது. மோனிகா கல்லூரித் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். மாலை மூன்றரை மணியளவில் கூட வேலை செய்யும் பெண் தன் போனில் எங்கள் கிளப் அணியின் போட்டோவைக் காட்டி, "உன் தங்கச்சி சூப்பரா கீறா" என்றாள். மோனிகா என் ஜெர்சியில் நின்றிருந்தாள். நான் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்து மாலை 4.05 மணிக்கு மைதானத்தை அடைந்தேன். ஆட்டம் நான்கு மணிக்கே தொடங்கியிருந்தது.

போட்டிக் குழுச் செயலாளர் திரு. ஆசீர்வாதம் என்பவரிடம் ஓடிப்போய், மோனிகாவுக்கு இதயத்தில் கோளாறு, அவளை உடனே வெளியே எடுங்கள் என்று சொல்லி, வீட்டில் யார் கண்ணிலும் படாமல் என் கைப்பையிலேயே வைத்திருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேருதானேம்மா போட்டுக்கீது?" என்றார். பெயர் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உனக்கு சான்ஸ் போச்சு, அந்த வயித்தெரிச்சல்ல பேசற. ஆஃப் டைம் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அவரிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பேப்பரில் என் பெயர்தான் இருந்தது.

அதன் பிறகு நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். அப்போது மைதானத்தில் நடந்ததையும் உள்ளபடி எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மோனிகா அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. எதிரணிப் பெண் முன்னால் வந்து மறித்தபோது பந்தை அவளுடைய ஒரு பக்கம் விட்டு, தான் இன்னொரு பக்கம் போய், அந்தாண்ட பந்தைப் பிடித்துக்கொண்டாள். எதிரணிக் கோல் வரை ஓடி, பந்து பறிபோனதும் அதே வேகத்தில் எங்கள் கோல் வரை திரும்பி ஓடி அதை மீட்டாள். நான் எட்டு வருடம் பழகியும் எனக்கு வராத ஓர் உதை உண்டு. வலது காலின் வெளிப்பக்கத்தால் அடிப்பது. அவள் அதை அடித்தாள். பந்து வெளியே போவது போலப் போய் வளைந்து உள்ளே விழுந்தது. எதிரணிக் கோல்கீப்பர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி ஒரு கோல் போட்டாள். அது முடிந்து நடந்து வரும்போது இடது உள்ளங்கையை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு நொடி இருக்கும். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினாள்.

அதைப் பார்த்ததும் நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். அப்போது மணி 4.27. நடுவில் வந்த பந்தை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். ரெஃப்ரி எழச் சொன்னார். எழவில்லை. இரு அணியிலும் சிலர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. ஒன்று நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டிருக்கிறது. யார் எறிந்தது என்று தெரியாது, அதற்காக நான் புகார் கொடுக்கவில்லை. மோனிகா என் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "எழுந்துருக்கா. எனக்குன்னு ஒரே ஒரு நாள் வந்துச்சு. அதையும் வுட மாட்டியா?" என்று கேட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நான் படுத்தே இருந்தேன்.

சுமார் கால் மணி நேரம் கழித்து, யாரோ போன் செய்ததால் என் அப்பா ஷிப்டிலிருந்து வேலை உடுப்போடு வந்தார். நான் தரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆதார் கார்டு கொடுத்ததையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. மோனிகாவைப் பார்த்து, "அந்த ஸ்கேனு உன் ஒடம்புல வெச்சி எடுத்ததாம்மா?" என்று கேட்டார். மோனிகா குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் நான் பந்தை விட்டேன். அதற்குள் இருட்டிக்கொண்டு மழை பிடித்துக்கொண்டதாலும், இரு அணியினருக்கும் தகராறு ஏற்பட்டதாலும் ஆட்டம் தொடரவில்லை.

மறுநாள் 04.08.2025 அன்று அப்பா எங்கள் இருவரையும் சென்னைக்கு அழைத்துச் சென்றார். டாக்டர் கோதா மோனிகாவின் பெயரிலேயே ஸ்கேன் எடுத்து நோயை உறுதி செய்தார். ஒருநாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிப் பார்த்ததில், தூக்கத்தில்கூட அவளுக்குத் தாளம் தவறியது தெரிந்தது. எந்த நேரத்திலும் நின்றிருக்கலாம் என்றார். 11.08.2025 அன்று அரசுக் காப்பீட்டில் அவள் மார்பில் தோலுக்கு அடியில் ஒரு சிறிய கருவியைப் பொருத்தினார்கள். தாளம் தவறினால் அதுவே மின்சாரம் கொடுத்துச் சரிசெய்யுமாம். எனக்குத் தற்போதைக்கு மாத்திரை போதும் என்றார்.

அதன் பிறகு என் தாய் தந்தையையும் பரிசோதித்தார்கள். அம்மாவுக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்கு இருந்தது. இருபத்தொரு மில்லிமீட்டர். டாக்டர் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னதும் பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு டாக்டர்களை அழைத்து வந்து திரையைக் காட்டினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா சட்டையில்லாமல் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்து, "இதுவா இத்தினி வருஷமா என்னை உலை எதிர்ல நிக்க வெச்சிச்சு?" என்று கேட்டார். டாக்டர் கோதா, "ஆமாங்க. எப்படி நிக்க வெச்சுதுன்னுதான் எங்களுக்குத் தெரியல" என்றார். ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசாமல் இருந்த மோனிகா அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மில்லில் அப்பாவுக்கு இப்போது கேட்டில் பதிவேடு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

ஆட்டத்தை நிறுத்தியதையும், வேறொரு ஆளை என் பெயரில் ஸ்கேன் எடுக்க வைத்ததையும் நான் மறுக்கவில்லை. ஸ்கேன் சென்டருக்குச் சென்று மன்னிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன். வழக்குப் பதிந்தால் என் மீது மட்டும் பதியும்படியும் என் தங்கையைச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மைதானத்துக்கு 4.05-க்கு வந்தவள் 4.27 வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். செயலாளரிடம் பேசியது மூன்று நிமிடம் இருக்கும். மீதி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்த நொடியும் அவள் விழலாம் என்பதும் தெரியும். பயத்தில் நின்றதாக எழுத வேண்டாம். அவள் அவ்வளவு நன்றாக ஆடினாள். அடுத்து என்ன செய்வாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று நின்றுகொண்டே இருந்தேன். நான் பொறாமையில் நிறுத்தியதாகப் புகாரில் இருக்கிறது. பொறாமை இருந்திருந்தால் வந்த உடனே நிறுத்தியிருப்பேன். ஆட்டத்தை நிறுத்தியதற்கு எனக்கு வருத்தம் இல்லை. நிறுத்தாமல் நின்ற அந்தப் பத்தொன்பது நிமிடத்துக்குத்தான் நான் குற்றவாளி. இதை மோனிகாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் இங்கேதான் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி கூறிக் கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
தா. சுகிர்தா
19.08.2025