நூல் அவிழ்ந்த பூ

காலை ஐந்து நாற்பதுக்குப் பூசணியின் பெண்பூ விரியும். ஒன்பது மணிக்கெல்லாம் வாடிவிடும். முந்தைய மாலையே மொட்டின் நுனியை நூலால் கட்டிவிடுவோம், தேனீ நுழையாதபடி. விடிந்ததும் நூலை அவிழ்த்து, நாங்கள் தேர்ந்தெடுத்த ஆண்பூவை உள்ளே தடவி, மறுபடி கட்டி, காம்பில் அட்டை தொங்கவிடுவோம். பதினோரு ஆண்டுகள் நானும் என் தம்பியும் இதைச் செய்தோம்.

"ஊர்ப்பட்ட பூசணிக்கெல்லாம் மாப்பிள்ளை பார்க்கிற. உனக்கு ஒண்ணு பார்த்துக்கலையே அக்கா" என்பான். பருவத்துக்கு ஒரு தடவையாவது சொல்வான். அவனுக்கு ஒன்பது வயதானபோது அம்மா போய்விட்டாள். பிறகு எல்லாம் நான்தான்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கலப்பின வகை. கொடிக்கு ஐந்து காய், தடித்த இனிப்பான சதை, ஆறு மாதம் வைத்தாலும் அழுகாத தோல். தந்தைக் கொடி காய்ப்பில் கெட்டி. இனிப்பு தாய்க் கொடியிடம் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாம்பல் நோய் விழுந்தது. தாய்க் கொடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதில் ஒரே ஒரு பெண்பூ. அன்று காலை நான் போனபோது நூல் அவிழ்ந்து கிடந்தது. பூவுக்குள் ஒரு தேனீ இருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் அழகுக்காக வளர்த்த காட்டுப் பூசணி பூத்திருந்தது. அதன் காய் கசப்பு. அந்தக் கசப்பேதான் விஷம்.

தேனீயை ஊதி விரட்டினேன். அதே கொடியின் ஆண்பூவைத் தடவினேன். கட்டினேன். அட்டையில் தேதி எழுதினேன். வேறு பூ இல்லை.

அந்த ஒரு காயின் விதையிலிருந்துதான் பிறகு எல்லாத் தாய்க் கொடிகளும் வந்தன. அவற்றைத் தந்தைக் கொடியோடு சேர்த்து நான்கு டிரம் விதை எடுத்தோம். இந்தப் பருவம் விவசாயிகளுக்குக் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன் சோதனைக்கு விதைத்த பாத்தியில் களையெடுக்கும் பெண் ஒரு காயின் துண்டைக் கடித்து, உடனே துப்பினாள். வாயைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

தம்பி பழைய அட்டைகளைப் புரட்டினான். பிறகு என்னிடம் வந்தான்.

"அந்தப் பூவோட நூல் அவிழ்ந்திருந்துச்சா அக்கா?"

ஆமாம் என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதில்லை.

அட்டைகளை மறுபடி அடுக்கிக் கட்டினான். "நான் கட்டினதுன்னு சொல்லிடறேன். உன் பேரு வேண்டாம். ஆனா விதையை எரிச்சிடணும். நாளைக்கு விவசாய ஆபீசுக்குப் போன் பண்றேன்."

எரிக்கத் தேவையில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். நூறு விதையில் ஏழெட்டுதான் கெட்டவை. அந்தக் காயை யார் வாயில் வைத்தாலும் துப்பிவிடுவார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னொரு பதினோரு ஆண்டுகளை எங்கே போய்த் தேடுவது?

துப்பாமல் சாப்பிடக்கூடியவன் அவன் ஒருவன்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சலில் அவனுக்கு ருசியும் வாசனையும் போய்விட்டன. வேறு யாருக்கும் அது தெரியாது.

சோதனைப் பாத்தியிலிருந்து இரண்டு காய்களைப் பறித்து வந்தேன். நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். தோல் சீவி, வேகவைத்து, மசித்து, சூப் செய்தேன். வெண்ணெய் போட்டேன். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தான். உணவு விஷம் என்று எழுதினார்கள். அது தவறில்லை. அவன் கையைக் கடைசிவரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

டிரம்களுக்கு நீங்கள் முத்திரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல விதைதான் அதிகம்.

அவனுக்குச் சந்தேகம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. சந்தையில் வாங்கிய காய் என்று சொல்லியிருந்தேன். களைத்துப்போய் வந்து உட்கார்ந்தான். முதல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவதை அவனே ஊற்றிக்கொண்டான். பாதியில் கரண்டியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எப்படி இருக்குன்னு நீ சொல்லேன் அக்கா. இனிக்குதா?"