ஐந்தாவது வெள்ளைப் பந்து

மேசைப்பந்து ஆட்டத்துக்குக் காற்று ஆகாது. அந்தப் பந்து மூன்று கிராம்கூடத் தேறாது. யாராவது வாசல் கதவைத் திறந்து மூடினால் போதும், விளிம்பில் விழ வேண்டியது விலகிப் போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சன்னலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அந்தச் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. பழக்கத்தில் கண் அங்கே போகிறது, அவ்வளவுதான்.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். எங்கள் அரங்கத்தைப் பெருக்கி, அடுப்பு மூட்டும் சைராகுலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவள் அன்று காலை அடுப்பை மூட்டினாள், நிலக்கரி போட்டாள், போர்சோக் ரொட்டி பொரிக்கச் சமையலறைக்குப் போனாள். புகைப்போக்கியை மூடும் தகட்டை அவள் தொடவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு பொம்பளை உள்ளே இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேசிய மேசைப்பந்து சங்கத்துக்குப் பதினாறு வருடம் தலைவராக இருந்தேன். பதவி கேட்டு நான் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. விளையாடிய காலத்தில் நான் தடுப்பு ஆட்டக்காரன். மேசையை ஒட்டி நின்று, வருகிற பந்தை வந்த வேகத்திலேயே திருப்பிவிடுவேன். எதிராளி தானாகத் தவறு செய்யும்வரை பொறுமையாக இருப்பேன். நிர்வாகத்தையும் அப்படித்தான் நடத்தினேன்.

போன வருடம் எல்லாம் கலைந்தது. துணைத் தலைவர்கள் இரண்டு பேரும் விலகினார்கள். தேசிய அணிப் பிள்ளைகள் சங்கத்தின் சட்டையைப் போட மாட்டோம் என்றார்கள். அத்தனைக்கும் மூலம் சில மேசைகள். மலை மாகாணங்களுக்கு என்று வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடை அது. நான் அவற்றைக் கட்டுப் பிரிக்காமல் தலைநகரில் நிலவறையில் வைத்திருந்தேன். அங்கேயெல்லாம் கூரை ஒழுகும். ஈரத்தில் பலகை வளைந்துவிடும். வளைந்த மேசையில் பழகுவதைவிடப் பழகாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

இந்தக் கருத்தை ஏற்காதவள் ஜிப்பார். கணவாய்க்கு அந்தப் பக்கத்து மாகாணத்தின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் தேசிய சாம்பியன். மேசையை விட்டு நாலடி தள்ளி நின்று, எவ்வளவு அடித்தாலும் வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவாள். போன கோடையில் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள்.

“அண்ணே, எங்க ஊர்ல பசங்க கதவைக் கழட்டிப் போட்டு விளையாடுதுங்க. நீங்க மேசையைக் கட்டிப்போட்டு நிலவறையில காவல் காக்கறீங்க. என்ன, பொண்ணுக்குச் சீர் குடுக்கச் சேத்து வக்கிறீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அங்கேயே அவள் தலைவர் பதவிக்குத் தன் பெயரைச் சொன்னாள். விளையாட்டு அமைச்சகமும் தேர்தல் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கை கழுவிவிட்டது.

எங்கள் தேர்தல் முறை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சீட்டு கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைப் பந்தும் ஒரு ஆரஞ்சுப் பந்தும் கொடுப்போம். இருக்கிற தலைவருக்கு வெள்ளை, எதிர்ப்பவருக்கு ஆரஞ்சு. கம்பளிப் பைக்குள் முழங்கைவரை விட்டு ஒன்றைப் போட வேண்டும், மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் ஒன்பது ஓட்டு. ஆறு பேர் இருந்தால் கூட்டம் செல்லும். என் கணக்கில் எனக்கு நான்கு, அவளுக்கு ஐந்து. அந்த ஐந்தில் மூன்று பேர் அவளோடு கணவாய் தாண்டி வேனில் வருகிறவர்கள். சபார், ரிஸ்பெக், இமான்காஜி. மூவரும் பயிற்சியாளர்கள்.

பனியில் இரவெல்லாம் பயணம் செய்து, தேர்தலன்று விடிந்ததும் வந்து இறங்கினார்கள். ஜிப்பார் குளித்துவிட்டு வருகிறேன் என்று தன் அக்கா வீட்டுக்குப் போனாள். ஆண்களுக்கு விடுதி ஏற்பாடு இல்லை. அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சியாளர் அறையைக் கொடுத்தேன். என்னை எதிர்த்து ஓட்டுப் போட வந்தவர்கள்தான். ஆனாலும் வந்தவனைக் குளிரில் நிறுத்தினால் ஊர் காறித் துப்பும்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று கட்டில், ஒரு கரி அடுப்பு. சன்னல் இடுக்கையும் காற்றுத் துவாரத்தையும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பிள்ளைகள் அடைத்துவிடுவார்கள். மட்டையிலிருந்து உரித்த பழைய ரப்பரைப் பட்டையாக வெட்டி, மட்டைக்குப் போடும் பசையாலேயே ஒட்டுவார்கள். அங்கே யாரும் விளையாடுவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. அதை ஒட்டியது நான் இல்லை. கதவடியில் மட்டும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. ரிஸ்பெக் உள்ளே வந்ததும் வராததுமாகத் தன் துண்டைச் சுருட்டி அதில் திணித்தான்.

“விட மாட்டியே,” என்றான் சபார். “இங்க என்ன ஃபைனலா நடக்குது?”

“காலுல சில்லுனு படுதுண்ணே. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

நானே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு அப்படியே சாய்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தேன். கதவைத் தள்ளியபோது துண்டும் கூடவே நகர்ந்தது. நன்றாகத் தூங்கினார்கள். இமான்காஜியின் போர்வை கீழே கிடந்தது, எடுத்துப் போர்த்திவிட்டேன். அடுப்பு வாயைத் திறந்து பார்த்தேன். கரியின் மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுடர் அடங்குமுன் புகைத்தகட்டைத் தள்ளி மூடக் கூடாது, மூடினால் விஷவாயு அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பது எங்கள் நாட்டில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு பயிற்சி முகாமில் சூடு போகக் கூடாது என்று யாரோ அவசரப்பட்டுத் தள்ளிவிட்டார்கள். உச்சி வெயில்வரை ஒருவரும் எழவில்லை. எழுந்ததும் தலை பிளந்தது, வாந்தி எடுத்தோம், அன்றைய ஆட்டங்கள் எல்லாம் போயின. யாரும் சாகவில்லை. அந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்துத் தகட்டைத் தள்ளினேன். அந்த முகாம் அறையில் ஒரு சன்னல் கண்ணாடி உடைந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகு என்றால், தகட்டிலிருந்து கையை எடுத்தபோது.

சத்தத்தில் சபார் கண்ணைத் திறந்தான்.

“கூட்டம் ஆரம்பிச்சிடுச்சாண்ணே?”

“இல்ல, இன்னும் நேரம் கிடக்கு. நீ தூங்கு.”

“உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். ஜிப்பார் இல்லாதப்ப.”

“எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நான் வந்து எழுப்பறேன்.”

“மறந்துடாதீங்கண்ணே,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். குனிந்து, கதவடித் துண்டை வெளியிலிருந்தே விரலால் சரிசெய்து விட்டேன். அது பழக்கம்.

ஜிப்பார் ஈரத் தலையோடு வந்தாள். வந்ததும் அவர்கள் எங்கே என்றுதான் கேட்டாள். இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், அசந்து தூங்குகிறார்கள், முதலில் ரொட்டியைத் தொடு என்றேன். எங்கள் ஊரில் விரித்த விரிப்பில் ரொட்டியைப் பிய்க்காமல் எழுந்துபோனால் அது வீட்டுக்காரனுக்கு அவமானம். அவள் உட்கார்ந்தாள். பிறகு ஆசி. எங்களில் மூத்தவர் கெஞ்சேபாய், பழைய நடுவர். கைகளை ஏந்தி அவர் ஆசி சொல்லத் தொடங்கினால் முகத்தைத் தடவி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. ஒவ்வொரு மாகாணத்தின் பெயரையும் சொல்லி வாழ்த்துங்கள் என்று அவரிடம் முன்னமே கேட்டுக்கொண்டிருந்தேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆற்றையும் மலையையும்கூட விடாமல் வாழ்த்தினார். ஏந்திய கைகளோடு ஜிப்பார் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகை எடுத்தோம். ஆறு பேர், கூட்டம் செல்லும். வருகை எடுத்த பின் ஓட்டு முடியும்வரை உறுப்பினர் யாரும் வெளியே போகக் கூடாது, தாமதமாக வருகிறவர் பை கட்டப்படும்வரை வந்து போடலாம். இது நான் கொண்டுவந்த விதி. நடுவில் எழுந்துபோய்ப் பேரம் பேசுவதைத் தடுக்கக் கொண்டுவந்தேன். பிறகு என் ஆண்டறிக்கையை வாசித்தேன். பாதியில் அவள் எழுந்தாள்.

“அண்ணே, நான் போய் எழுப்பிட்டு வந்துடறேன்.”

“விதி இருக்கேம்மா. நீ வெளிய போனா உன் ஓட்டு போச்சு.”

“இது என்ன ஜெயிலா? அங்க மூணு மனுசங்க தூங்கறாங்க, எழுப்ப ஒரு நாதி இல்ல.”

“தலைவர் போகலாம். நான் போறேன். உக்காரு.”

அறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடைவழியில் போனேன். அந்த அறைக் கதவின் முன் நின்றேன். இமான்காஜி குறட்டைக்குப் பேர்போனவன். முகாம்களில் அவனோடு ஒரே அறையில் படுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அன்று கதவில் காதை வைத்தும் சத்தமே இல்லை. நான் கல் இல்லை, பயமாகத்தான் இருந்தது. அந்த நேரம் கதவைத் திறந்திருக்கலாம். திறந்தால் எழுந்துகொள்வார்களே என்றும் நினைத்தேன், திறந்தால் எழாமல் இருப்பார்களோ என்றும் நினைத்தேன். இரண்டையும் என்னால் அப்போது பார்த்திருக்க முடியாது. திரும்பி வந்தேன்.

“எழுந்துட்டாங்க. முகம் கழுவறாங்க,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அறிக்கையின் மீதியை நிதானமாக வாசித்து முடித்தேன். பை சுற்றி வந்தது. ஜிப்பார் கடைசியாகப் போடுகிறேன் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு பின்கதவையே பார்த்தபடி இருந்தாள். கெஞ்சேபாய் தொண்டையைச் செருமினார். எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பாள். போட்டாள். பையைக் கட்டினோம், பிறகு மேசைமேல் கொட்டினோம். நான்கு வெள்ளை, இரண்டு ஆரஞ்சு. ஒரு வெள்ளை உருண்டு கீழே விழுந்து துள்ளியது, அதை நானே குனிந்து எடுத்தேன்.

யாரும் கைதட்டுமுன் அவள் ஓடினாள். கதவடித் துண்டு மடிந்து சிக்கிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்தாள். பிறகு கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது, நாற்காலியால் சன்னலை அடித்திருக்கிறாள். நாங்கள் மூவரையும் பனியில் இழுத்துப் போட்டோம். முகம் நல்ல சிவப்பாக, தெருவில் ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி இருந்தது. எழுந்துவிடுவார்கள் என்றே தோன்றியது. சபார் நெஞ்சை நான்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். மருத்துவ வண்டிக்காரர்கள் வந்து, மூவருக்கும் உயிர் இல்லை என்று சொல்லி, என்னைப் பிடித்து விலக்கவேண்டியிருந்தது. நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

சபார் அடக்கத்துக்குக் கணவாய் தாண்டிப் போனேன். அவன் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஆண்கள் முறைப்படி ஓலமிட்டுக்கொண்டே உள்ளே போனோம். வெளியே வந்தபோது ஜிப்பார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வற்றிப்போயிருந்தது.

“அண்ணே, ஒண்ணு சொன்னா மனசுல வச்சுக்காதீங்க. அன்னிக்கு வேன்ல ராத்திரி பூரா சபாரோட எனக்குச் சண்டை. ‘எத்தனை தப்பு பண்ணாலும் அந்த மனுசன் என் கல்யாணத்துக்குப் பனியில நடந்து வந்தாரு, அவருக்கு எதிரா என் கை போகாது. வெள்ளைதான் போடுவேன், அதை நானே அவர்கிட்ட சொல்லவும் போறேன்’னாரு. சோறு போட்ட நாய்கூட இப்படி வாலாட்டாதுன்னு நான் திட்டிட்டேன். அதுதான் நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது.”

அவளைத் தேற்றினேன். என்ன சொல்லித் தேற்றினேன் என்று நினைவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சபார் பேச வந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அப்போதே சொல்லியிருந்தால் தகட்டைத் திரும்ப இழுத்துவிட்டிருப்பேன். ஒரு நிமிட வேலை. அவன் பேச்சை அப்புறம் என்று தள்ளிப்போட்டது பெரிய தவறு. அதற்காக என்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

இன்னொரு காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். மூன்று பேர் ஓட்டுப் போடாததால் அந்தத் தேர்தல் செல்லாது, வசந்தத்தில் மறுபடி நடத்து என்று அமைச்சகம் நேற்று சொல்லிவிட்டது. ஜிப்பாரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. மேசைகளை ஒழுகுகிற கூரைக்கடியில் கொண்டுபோய்ப் போடப்போகிறாள். தகட்டைத் தள்ளியது நான்தான், தெரிந்துதான் தள்ளினேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு சபார் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ஜிப்பாரையே கேளுங்கள், அவள் பொய் சொல்ல மாட்டாள். பையில் விழுந்தது நான்கு, அவனுடையது ஒன்று, மொத்தம் ஐந்து வெள்ளை. அந்த மூன்று பேரும் எழுந்து வந்து போட்டிருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன். ஆகையால் அந்தத் தேர்தலில் எந்த முறைகேடும் நடக்கவில்லை.