இதைவிடச் சின்ன குண்டு

— இதைவிடச் சின்ன குண்டு போடற துப்பாக்கி இருக்கா, ஆர்லிஸ்?

— எதுக்கு நெல்டா, எலி அடிக்கவா?

— கிண்டல் வேணாம். ஆள் நிக்கணும், அவ்வளவுதான். சாகக் கூடாது.

— முப்பது வருஷமா இந்தக் கடையில தூண்டில் புழுவும் துப்பாக்கியும் விக்கறேன். கொஞ்சமா மட்டும் சுடற குண்டை எந்தக் கம்பெனிக்காரனும் இதுவரைக்கும் செய்யலை.

— ஆர்லிஸ் ஐயா, அத்தை பேச்சை விடுங்க. வாங்கறவ நான். என்கிட்ட இருநூத்தி எண்பது டாலர் இருக்கு. அதுக்குள்ள உருப்படியா என்ன கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க.

— இருநூத்தி எண்பது துப்பாக்கிக்கு மட்டுமா டார்லா, எல்லாத்துக்குமா?

— எல்லாத்துக்கும்னா?

— குண்டு வேணாமா? இடுப்புல சொருக உறை வேணாமா? இங்க வர்ற பாதிப் பேர் கையில இருக்கறதை மொத்தமா துப்பாக்கியில கொட்டிட்டு, குண்டு வாங்க அடுத்த சம்பளம் வரட்டும்னு உக்காந்திருப்பாங்க.

— அடுத்த சம்பளம் வரைக்கும் எனக்கு நேரம் இல்ல. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என் புருஷன் கர்டிஸை ஜெயில்லேர்ந்து விடறாங்க.

— தெரியும். ஊரே அதைத்தான் பேசுது.

— என்ன பேசுது ஊர்? என் பையனைப் பத்தி என்ன பேசுது, சொல்லேன் கேப்போம்.

— அந்தப் புழு டப்பாவைக் கீழ வை நெல்டா, மூடி லூசு. புதுசா ஒண்ணும் பேசலை. தொண்ணூறு நாள் இவ்வளவு சீக்கிரம் ஓடிப்போச்சேன்னு பேசுது. நீ இப்படி வா டார்லா. முதல்ல இதைப் பாரு. புதுசு. நூத்தித் தொண்ணூறு டாலர். ஒன்பது மில்லி. கொஞ்சம் தடியா இருக்கும், ஆனா இந்த விலைக்கு மோசம்னு சொல்ல மாட்டேன். காலி பண்ணிட்டேன், உள்ள பாத்துக்க. மேல இருக்கற இந்த இரும்பைப் பின்னாடி இழுத்து விடணும். அப்பதான் முதல் குண்டு உள்ள ஏறும். இழு.

— வர மாட்டேங்குது.

— இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி. பயப்படாத.

— பயம் இல்ல ஐயா. இடது கைக்குப் பிடிமானம் கிடையாது. மணிக்கட்டு ரெண்டு எடத்துல உடைஞ்சு, உள்ள கம்பி வச்சிருக்காங்க.

— கதவுல மாட்டிக்கிச்சுன்னுதானே அன்னிக்குச் சொன்ன?

— ஆமா அத்தை. கதவுலதான் மாட்டிக்கிச்சு. கதவைச் சாத்தினது யாருன்னு நீங்க கேக்கவே இல்லை.

— சரி, இது உனக்கு ஆகாது. உள்ள வச்சிடறேன். கையில பலம் இல்லாதவங்க இந்த மாதிரி வாங்கினா, அவசரத்துல பாதி இழுத்துட்டு நிப்பாங்க. அப்பறம் அது துப்பாக்கி இல்ல, கல்லு. வேலைக்குப் போறப்பவும் வச்சுக்குவியா?

— அங்கதான் முதல்ல வேணும். கடைசியா அவன் ஓட்டலுக்குள்ள வந்தான் பாருங்க, காபி ஜாடியை என் கையிலேர்ந்து பிடுங்கி கழுத்துல ஊத்தினான். நாலு லாரிக்காரங்க முட்டையைத் தின்னுக்கிட்டே பாத்தாங்க. ஒருத்தர் போறப்ப அஞ்சு டாலர் டிப்ஸ் வச்சுட்டுப் போனார்.

— அன்னிக்குக் குடிச்சிருந்தான். குடிக்கலைன்னா என் பையன் தங்கம். நான் சொல்றதைக் கேளு ஆர்லிஸ், உனக்கே தெரியும், சின்ன வயசுல இந்தக் கடைக்கு வந்து உன் மீன் தொட்டியெல்லாம் கழுவிக் குடுத்தவன்.

— கழுவினான். நல்லாத்தான் கழுவினான். டார்லா, ஓட்டல்ல அந்த ஏப்ரனுக்கு அடியில மறையணும்னா தட்டையா, சின்னதா இருக்கணும். கைப்பையில மட்டும் வைக்காத. உன் மேல பாயறவன் முதல்ல பையைத்தான் பிடுங்குவான். அப்பறம் உன் காசுல நீ வாங்கினது அவன் கையில இருக்கும்.

— அது நடந்திருக்கு. துப்பாக்கி இல்ல, போன். பையைப் பிடுங்கி போனை அடுப்புல போட்டான்.

— அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு குட்டித் துப்பாக்கி இருக்கே ஆர்லிஸ், நூத்தி முப்பது டாலர்னு சீட்டு ஒட்டியிருக்க. அது என்ன?

— அது இருபத்திரண்டு சைஸ் குண்டு போடறது. அணில் சுட, காலி டப்பாவைச் சுட்டு விளையாட.

— அதைக் குடு. விலையும் கம்மி, அடியும் கம்மி.

— நெல்டா, மெல்பாவை ஞாபகம் இருக்கா? தீவனக் கடையில கணக்கெழுதிக்கிட்டிருந்தாளே.

— அந்தக் கதை இப்ப எதுக்கு?

— அவளும் இதையேதான் கேட்டா. மலிவா, சின்னதா, சத்தம் கம்மியா. நான்தான் வித்தேன். தீவனக் கடை வாசல்ல, மூட்டை ஏத்தற எடத்துல அவ புருஷன் வந்தான். அவ நாலு தடவை சுட்டா. நாலும் அவன் மேல பட்டுச்சு. அவன் நடந்து வந்து அவ முடியைப் பிடிச்சு, வண்டியோட பின்கதவு இரும்புல தலையை மோதினான். நாலு குண்டை வயித்துல வச்சுக்கிட்டு மோதினான். அவன் ஆஸ்பத்திரியில சாகறதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு. அவளுக்கு மூணு நிமிஷம். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலை. அதுக்கப்பறம் பொம்பளைங்களுக்கு இருபத்திரண்டு விக்கறதில்லை.

— அப்ப கால்ல சுடட்டும். தொடையில. உக்காந்துருவான்ல?

— நீ எத்தனை மான் அறுத்திருக்க நெல்டா? தொடைக்குள்ள எவ்வளவு தடியா ரத்தக்குழாய் ஓடுதுன்னு நான் உனக்குச் சொல்லணுமா? அதோட, ஓடி வர்றவன் தொடையைக் குறி பாத்து அடிக்க இவ என்ன சர்க்கஸ்ல இருந்தாளா?

— அத்தை, நான் அவனைக் கொல்லணும்னு வரலை.

— பின்ன எதுக்கு வந்த?

— சாகாம இருக்கணும்னு வந்தேன். உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது.

— பொறுமை, பொறுமை. ரெண்டு பேரும் இதைப் பாருங்க. பழசு. முப்பத்தெட்டு ரிவால்வர். செத்துப்போன தபால்காரர் வச்சிருந்தது, அவர் சம்சாரம் கொண்டாந்து வித்துட்டுப் போச்சு. மேல் பூச்சு உரிஞ்சிருக்கு, பாக்க அசிங்கம். உள்ள சுத்தமா இருக்கு, நானே பிரிச்சுப் பாத்தேன். எதையும் இழுக்க வேணாம், குண்டைப் போட்டு மூடினா வேலை முடிஞ்சுது. இந்தா, காலி. அந்தச் செவுத்துல பாடம் பண்ணின பன்னித் தலை இருக்கு பாரு, அது மூக்கைக் குறி வச்சு விசையை அமுக்கு.

— கடினமா இருக்கு.

— இருக்கும். பைக்குள்ள தானா வெடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி. ரெண்டு கையாலயும் பிடி. இன்னொரு தடவை.

— ஆச்சு.

— இன்னொரு தடவை. கண்ணை மூடாத. மூக்கையே பாரு. நல்லா வருது. இதுக்கு இருநூத்தி அறுபதுன்னு விலை எழுதியிருக்கேன், நீ இருநூத்தி முப்பது குடு. உறையை நான் சும்மா சேத்துத் தர்றேன். மிச்சத்துக்கு ரெண்டு டப்பா குண்டு வாங்கிக்க. ஒரு டப்பாவை இன்னிக்கே ஆத்தங்கரையில சுட்டுத் தீத்துடு.

— எத்தனை குண்டு போடலாம்?

— அஞ்சு.

— அஞ்சு போதுமா?

— டார்லா, அஞ்சு போதுமான்னு என் முன்னாடி நின்னு கேக்கற. நான் பெத்த புள்ளைடி அவன்.

— நாய்ச் சங்கிலியை என் கழுத்துல சுத்தி சமையக்கட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் இழுத்தான் அத்தை. வேட், ஆறு வயசுப் பையன், அப்பா கால்ல தொங்கிக்கிட்டு விடுங்க விடுங்கன்னு கத்தறான். அவனை உதறினதுல முன்பல்லு ரெண்டு போச்சு. விழற பல்லுதானேன்னு நீங்க சொன்னீங்க. நாய் குரைச்சுதுன்னு நாயைச் சுட்டான். என் சின்னப் புள்ளை இன்னும் அந்த நாய் தட்டுல ரொட்டி போட்டுட்டு வருது. எனக்கு அஞ்சு போதுமான்னு தெரியணும்.

— அப்ப ஏன் உன் அக்கா வீட்டுக்குப் போகலை? துப்பாக்கிக்குப் போற காசு பெட்ரோலுக்குப் போதாதா?

— எந்த வண்டிக்கு பெட்ரோல்? என் வண்டியைத்தான் அவன் கொளுத்திட்டானே. அக்கா வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது தடவை கோடாரியால கதவைப் பொளந்தான். அக்கா இனிமே வராதேன்னு சொல்லிட்டா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல.

— ஷெரிஃப் ஆபீஸ்ல சொன்னியாம்மா?

— சொன்னேன் ஐயா. மலை ரோட்ல ஒரே ஒரு வண்டிதான் சுத்துதாம். கூப்பிட்டா நாப்பது நிமிஷத்துல வந்துருவாங்களாம். வந்து என்ன, வெள்ளைத் துணி போத்துவாங்க.

— சரி. இந்தப் படிவத்தை எழுது. டிரைவிங் லைசென்ஸைக் குடு, உனக்கு விக்கலாமான்னு அரசாங்கத்துல போன்ல கேக்கறேன். சுத்தமா இருந்தா அஞ்சு நிமிஷத்துல தலையாட்டிருவாங்க. நெல்டா, அங்க ஃபிரிட்ஜ்ல கோலா இருக்கு, எடுத்துக் குடி. மூஞ்சி வெளுத்துப்போய் இருக்க.

— எனக்கு ஒண்ணும் வேணாம்.

— ஹலோ. ஆமா, ஆர்லிஸ் பேசறேன். ஒரு கைத்துப்பாக்கி. ஆமா. டார்லா ஜீன் ஹாக்கெட். பிறந்த தேதி படிவத்துலேர்ந்து படிக்கறேன்… ஆமா. காத்திருக்கேன்… ஆமா… அப்படியா. எப்ப வரைக்கும்? சரி, புரியுது. நன்றி.

— என்னாச்சு ஐயா?

— நிறுத்தி வச்சிருக்காங்க. முடியாதுன்னு சொல்லலை. விசாரிச்சுச் சொல்றோங்கறாங்க. இன்னிக்கு வெள்ளி. அங்கேர்ந்து பதில் வரலைன்னா வியாழக்கிழமை நான் தரலாம். அதுக்கு முன்னாடி தந்தா கடையும் போச்சு, நானும் போனேன்.

— வியாழக்கிழமை.

— உன் பேர்ல ஏதாவது கேஸ் இருக்கா டார்லா?

— மார்ச்ல ஒண்ணு. வாணலியால அவன் மண்டையில அடிச்சேன். ரெண்டு பேரையும் சேத்து அள்ளிட்டுப் போனாங்க. புருஷன் பொண்டாட்டி அடிதடின்னு எழுதினாங்க. அவனுக்குத் தொண்ணூறு நாள் போட்டாங்க, என்னை மறுநாளே விட்டாங்க, ஆனா என் கேஸை இன்னும் மூடலை போலிருக்கு.

— உன்னை எதுக்கு அள்ளினான்? உன் கழுத்துல சங்கிலித் தடம் இருந்திருக்குமே, கண்ணு தெரியாதா அவனுக்கு?

— தடம் இருந்துச்சு. யார் முதல்ல அடிச்சதுன்னு போலீஸ்காரன் கேட்டான். சாட்சி சொன்னவங்க, நான்தான் முதல்ல அடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— யாரு அந்தப் புண்ணியவான்?

— நான்தான் ஆர்லிஸ்.

— நெல்டா.

— அவனை மட்டும் கூட்டிட்டுப் போனா பெரிய கேஸாயிரும்னு நினைச்சேன். ரெண்டு பேர் மேலயும் தப்புன்னா ரெண்டு நாள்ல வந்துருவான்னு நினைச்சேன். பெத்த வயிறு. பேனாவைக் குடுத்தாங்க, போட்டுட்டேன். இவளுக்குத் தெரியாதுன்னு இத்தனை நாள் இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

— எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை. அந்த போலீஸ்காரன் படிச்சுக் காட்டினான்.

— தெரிஞ்சுமா என் வண்டியில ஏறி வந்த?

— வேற யார் வண்டி இருக்கு எனக்கு? ஐயா, படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. மூணு மணிக்கு ஸ்கூல் விடும், புள்ளைங்க நிப்பாங்க. வாணலி இன்னும் வீட்லதான் இருக்கு.

— இரு டார்லா. கையெழுத்து மட்டுமில்ல, இன்னொண்ணும் நான் சொல்லாம வச்சிருக்கேன். புதன்கிழமை ஜெயில்லேர்ந்து கர்டிஸ் எனக்குப் போன் பண்ணினான்.

— என்ன சொன்னான்?

— திட்டலை. கத்தலை. குடிச்சிருக்கவும் முடியாது, தொண்ணூறு நாளா உள்ள இருக்கான். ரொம்ப மரியாதையா, நல்லா இருக்கியாம்மான்னு கேட்டான். அப்பறம், புள்ளைங்க இப்ப எந்த ரூம்ல படுக்கறாங்க, ஜன்னல் பக்கமா, உள் பக்கமான்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க அத்தை?

— தெரியாதுன்னு சொன்னேன். அவன் சிரிச்சான். சரி விடு, நானே பாத்துக்கறேன்னான். அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. குடிதான் அவனைக் கெடுக்குதுன்னு பதினஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டு வந்தேன். குடி இல்லாமலே அந்தக் குரல் வந்துச்சுடி.

— நெல்டா, உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு.

— உக்கார நேரம் இல்ல. இன்னொரு படிவம் எடு ஆர்லிஸ். என் மேல ஒரு கேசும் கிடையாது. அறுபத்தி நாலு வயசுல வண்டியை வேகமா ஓட்டினேன்னு ஒரு சீட்டு கூட வாங்கினதில்லை.

— எனக்கும் அது தோணுச்சு. ஆனா முடியாது. நீ வாங்கி இவ கையில குடுக்கப் போறன்னு தெரிஞ்சே நான் வித்தா மூணு பேரும் உள்ள போவோம். படிவத்துல முதல் கேள்வியே அதான். வாங்கறவங்க தனக்காகத்தான் வாங்கறாங்களான்னு. அதுல பொய் எழுதினா பத்து வருஷம்.

— டார்லா, இந்தா என் வண்டிச் சாவி. டேங்க் நிறைய இருக்கு. புள்ளைங்களை ஸ்கூல்லேர்ந்து ஏத்திக்கிட்டு, வீட்டுக்குப் போகாம நேரா ஜோப்ளினுக்குப் போ. என் சித்தி பொண்ணு ஓனீட்டா அங்க இருக்கா. அப்படி ஒருத்தி இருக்கான்னே கர்டிஸுக்குத் தெரியாது. நான் அனுப்பினேன்னு சொல்லு. உன் இருநூத்தி எண்பதை பத்திரமா வச்சுக்க, அங்க வேண்டியிருக்கும்.

— நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?

— ஆர்லிஸ் இறக்கி விடுவான். என் வீட்ல இல்ல, உன் வீட்ல.

— அங்க உங்களுக்கு என்ன வேலை? அத்தை, அங்க யாரும் இருக்கக் கூடாது நாளைக்கு.

— நெல்டா, நான் சட்டப்படி உன்னைக் கேட்டாகணும். பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பாத்து பதில் சொல்லு. இந்த ரிவால்வர் யாருக்கு?

— எனக்குத்தான். நாளைக்கு அவன் வந்து கதவைத் தட்டினா, திறக்கப்போறது அவனைப் பெத்தவ.